பாராசூட் இருக்கும்மா

"மாமா, நீங்க ப்ளேன்ல போனவரு. இந்த வூட்ல உங்களுக்குத்தான் அதெல்லாம் தெரியும். சொல்லுங்க, அவுரு பொழைச்சிருப்பாரா?"

கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டுக் கொல்லையில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அண்ணி கேட்டார். அண்ணனைப் பற்றிய தந்தி வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. மழை விட்டிருந்தாலும் முருங்கை மரம் சொட்டிக்கொண்டே இருந்தது.

கேட்கப்பட்டவர் என் சித்தப்பா, கலியபெருமாள். கீரப்பாளையத்திலிருந்து சிதம்பரம் வந்து, அங்கிருந்து பஸ் மாறி அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார். காலெல்லாம் வயல் சேறு. கால் கழுவ அவருக்கு நான் அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா ஒரு காலைக் கழுவினார். அடுத்த காலைக் கழுவினார். பிறகு நிமிர்ந்து, அவருக்கே உரிய உரத்த குரலில் சொன்னார்: "பாராசூட் இருக்கும்மா. குதிச்சிருப்பான். புடிச்சு வச்சிருப்பானுங்க. சண்டை முடிஞ்சதும் வுட்டுருவானுங்க."

சித்தப்பாவுக்குக் காது மந்தம். அதனால் எதையும் சத்தமாகத்தான் சொல்வார். அடுப்படியில் சுருண்டு படுத்திருந்த அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. எழுந்து ஓடி வந்து, சேற்றுத் தண்ணீர் ஓடுகிற இடத்திலேயே சித்தப்பாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க, இன்னொரு வாட்டி சொல்லு."

சித்தப்பா இன்னொரு முறை சொன்னார்.

அண்ணி கொடியில் காய்ந்தும் காயாமலும் கிடந்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் ஆறுதலடைந்துவிட்டார் என்றே அப்போது நான் நினைத்தேன்.

கேட்டவர்களுக்காக

மஞ்சக்குப்பம் வீட்டைப் பற்றி முன்பு இந்தப் பக்கங்களில் எழுதியபோது அண்ணனைப் பற்றி ஒரு வரி மட்டும் எழுதி நகர்ந்துவிட்டேன். அவர் குண்டு போடும் விமானத்தில் போனவர்தானே, ஏன் எழுதவில்லை என்று சிலர் கேட்டிருக்கிறார்கள்.

அசதிதான் காரணம். வேறொன்றும் இல்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் யாராவது வந்து கேட்டார்கள், நானும் சொன்னேன். விழா எடுத்தார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், மைக்கில் பேசச் சொன்னார்கள். சொல்லிச் சொல்லி அண்ணனே எனக்கு மனப்பாடம் செய்த பாடம் மாதிரி ஆகிவிட்டார். மேடையில் நிற்கும்போது அவர் முகமே நினைவுக்கு வராது.

ஆனால் மேடையில் ஒருநாளும் நான் அண்ணியைப் பற்றிப் பேசியதில்லை. இந்த முறை அதைச் சொல்லிவிடுகிறேன்.

பின்னால் பார்த்து உட்கார்ந்தவர்

முதலில் சித்தப்பா. எங்கள் குடும்பத்தில் ஆகாயத்தில் போன முதல் ஆள் அவர். பெரிய சண்டையின்போது, சிதம்பரத்தில் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, வீட்டில் சொல்லாமல் போய் விமானப்படையில் சேர்ந்துவிட்டார். பர்மா எல்லையில் அவருக்கு வேலை.

அவர் போனது இரண்டே பேர் போகிற குண்டு விமானம். முன்னால் ஓட்டுகிறவர். பின்னால், அவருக்கு முதுகைக் காட்டி, வாலைப் பார்த்தபடி துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பவர் சித்தப்பா. விமானம் தலைகுப்புறப் பாய்ந்து, குண்டை விட்டுவிட்டு மேலே ஏறும். குண்டு விழுந்த இடம் பின்னால் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு நேரே விரியும்.

"நான் போற எடத்தப் பாத்ததே இல்லடா. வுட்டுட்டு வந்த எடத்தத்தான் பாத்தேன்." அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான். அதையும் ஒரே ஒருமுறை சொன்னார்.

திரும்பி வந்ததும் கீரப்பாளையத்தில் விவசாயம் பார்த்தார். ஊர்க்காரர்கள் 'ப்ளேன்காரர்' என்று கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார். காது கேட்காததால் என்று எல்லோரும் நினைத்தார்கள். மாட்டு வண்டியில் பின்பக்கம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்வது எங்களுக்கெல்லாம் அத்தனை பிடிக்கும். அவர் மட்டும் உட்காரவே மாட்டார். வண்டி நிறைந்திருந்தால் இறங்கி நடந்து வருவார்.

அவர் பேசாமல் இருந்ததைப் பெருமை என்று புரிந்துகொண்டவர் என் அண்ணன் குணசேகரன். சித்தப்பாவைப் பார்த்துத்தான் அவருக்கும் அந்த ஆசை வந்தது. விமானப்படையில் தேர்வாகிவிட்டார் என்று தெரிந்ததும் சித்தப்பா மஞ்சக்குப்பத்துக்கு வந்தார்.

"வேணாம்டா குணா."

"ஏன் சித்தப்பா?"

"வேணாம்னா வேணாம்."

"நீங்க மட்டும் போனீங்களே?"

சித்தப்பா, அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

வழி சொல்கிறவர்

அண்ணன் நாவிகேட்டர். இதை அம்மாவுக்குப் புரியவைக்க அவர் பட்ட பாடு!

"ப்ளேன ஓட்டறவன் இல்லம்மா. ஓட்டறவனுக்கு வழி சொல்றவன். எங்க திரும்பணும், எங்க குண்டு போடணும்னு நான்தான் சொல்லணும்."

அம்மா யோசித்துவிட்டு, பக்கத்து வீட்டில் போய், "எம்புள்ள ப்ளேன்ல கண்டக்டரு" என்று சொல்லிவிட்டு வந்தாள். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். லீவுக்கு வரும்போதெல்லாம் வாசலில் நின்று, "ரைட், போலாம்" என்று கத்துவார்.

சிதம்பரத்தில் பெண் எடுத்தார்கள். வசந்தா அண்ணி. பி.ஏ. படித்தவர், அதிகம் பேசாதவர். எனக்கும் அவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. கல்யாணம் ஆகி வடக்கே, விமானத்தளத்து குவார்ட்டர்ஸில் ஒரு வருஷம் போல இருந்தார்கள். பங்களாதேஷ் சண்டை வரப்போகிறது என்றதும் அண்ணன் அவரை ரயிலேற்றி எங்களிடம் அனுப்பிவைத்தார்.

சண்டை தொடங்கிய சில நாட்களில், மேற்கே எல்லையைத் தாண்டிப் போன அண்ணனின் விமானம் திரும்பவில்லை. தந்தி இங்கிலீஷில் இருந்தது. நான் படிப்பதற்கு முன்னால் அண்ணியே வாங்கிப் படித்துவிட்டு, அம்மாவிடம் தமிழில் சொன்னார்: "காணலையாம் அத்த."

இறந்துவிட்டார் என்று அதில் போடவில்லை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா உயிரோடு இருந்தாள். அதற்கு மேல் சித்தப்பா கொடுத்த பாராசூட் வேறு.

பூ

சண்டை முடிந்து, பிடித்து வைத்திருந்தவர்களை இரண்டு பக்கமும் விட்டார்கள். அந்தப் பெயர்களில் அண்ணன் இல்லை. கொஞ்ச காலம் கழித்து, இறந்ததாகக் கருதுகிறோம் என்று அரசாங்கம் எழுதியது. அம்மா ஏற்கவில்லை.

"கருதுறாங்களாம். அவனுங்க கருதிட்டா ஆச்சா? கண்ணால பாத்தானுங்களா?"

வீட்டுக்கு வேறு நிறத்தில் வெள்ளையடிக்க விடமாட்டாள். வாசல் கேட்டை மாற்ற விடமாட்டாள். அவன் வந்தால் அடையாளம் தெரியாமல் போய்விடுமாம். நான் கடலூரிலேயே வேலை தேடிக்கொண்டதற்கும் அதுதான் காரணம்.

அண்ணி ஆசிரியப் பயிற்சி முடித்து ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குப் போனார். சாயங்காலம் வீடு திரும்பும் நேரத்தில் அம்மா வாசலில் பூவோடு நிற்பாள். மல்லிகை இல்லாத நாளில் முல்லை. தன் கையால் வைத்துவிடுவாள். அண்ணிக்கு அந்த வாசனை தலைவலி. என்னிடம் ஒருநாள் சொன்னார்.

"வேணாம்னு சொல்லிடுங்களேன் அண்ணி."

"எப்படி சொல்றது தம்பி? வேணாம்னு சொன்னா அவுரு இல்லன்னு ஆயிடும்."

அவரோடு வேலை பார்த்த ஒரு வாத்தியார், நல்ல மனிதர், கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அண்ணியிடம் கேட்டாராம். பள்ளிக்கூடத்திலிருந்து நடந்து வரும்போது, மைதானத்து ஓரமாக, ஏதோ கடைக்காரர் சொன்ன விஷயம் போல அண்ணி இதை என்னிடம் சொன்னார்.

"நீங்க என்னா சொன்னீங்க?"

"வூட்டுக்கு வந்து அத்தைகிட்ட கேளுங்கன்னேன். வரமாட்டாருன்னு தெரியும்."

அவர் வரவில்லை. பிறகு மாற்றலாகிப் போய்விட்டார்.

பரங்கிப்பேட்டை பாய்

அந்த வருஷங்களில் எத்தனையோ செய்திகள் வந்தன. ஜோசியம், குறி, யாரோ ஒரு சாமியார். எல்லாவற்றையும் எழுதத் தெம்பில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

பரங்கிப்பேட்டை ஜமால் பாய் வளைகுடாவில் வேலை பார்த்தார். அண்ணனோடு பள்ளியில் ஒன்றாகப் படித்தவர். லீவில் வந்தபோது எங்கள் வீட்டுக்கு வந்து, தன்னோடு வேலை பார்க்கும் ஒருவர் அண்ணன் குண்டு போடப் போன நாட்டுக்காரர் என்றும், அங்கே ஒரு ஜெயிலில் மதராஸி ஒருவர் சாயங்காலமானால் பாட்டுப் பாடுவதாக அவர் கேள்விப்பட்டிருக்கிறார் என்றும் சொன்னார்.

"குணாவுக்குப் பாட்டே வராதே," என்றேன்.

அம்மா என்னை முறைத்தாள். "ஜெயில்ல இருந்தா பாட்டு தானா வரும்."

அடுத்த லீவு வரை வீடே வேறு மாதிரி இருந்தது. அம்மா இரண்டு வேளையும் சாப்பிட்டாள். அண்ணனின் சட்டைகளை எடுத்து வெயிலில் போட்டாள். "எளைச்சிருப்பான், இதெல்லாம் லூசா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே மடித்தாள்.

பாய் மறுபடி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரத் தயங்கி வாசற்படியிலேயே நின்றார்.

"அம்மா, அது நம்ம குணா இல்ல. நல்லா விசாரிச்சுட்டேன். மீன் புடிக்கப் போயி மாட்டிக்கிட்ட ஆளு. கேரளாக்காரரு. அல்லா மேல ஆணையா, நல்லது சொல்றோம்னு நெனச்சுத்தாம்மா அன்னிக்கி சொன்னேன். சொல்லாமயே இருந்திருக்கலாம்."

அம்மா அவருக்குக் காபி கொடுத்தாள். குடும்பத்தை விசாரித்தாள். அவர் போனதும் என்னிடம் திரும்பி, "பாய்க்கு சரியா விசாரிக்கத் தெரியல" என்றாள்.

அண்ணி அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தார். களைந்த அரிசியையே மறுபடி மறுபடி களைந்துகொண்டிருந்தார்.

ஆற்றங்கரையில்

அண்ணன் போய் இருபது வருஷம் போல ஆனபின், ஒரு மாசி மாதத்தில் அம்மா போய்ச் சேர்ந்தாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. கடைசி வரை நினைவு தெளிவாக இருந்தது. கேட்டைப் பூட்டாதே என்றாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கெடிலக் கரைக்குப் போனோம். எங்கள் பக்கத்தில் பெண்கள் அங்கே வருவது வழக்கமில்லை. அண்ணி வந்தார். யாரும் தடுக்கவில்லை. அன்று காலையிலேயே தலைக்குக் குளித்திருந்தார். சித்தப்பாவும் வந்திருந்தார். அப்போது அவருக்கு எழுபது இருக்கும். கரையில் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அம்மாவுக்குப் பிண்டம் வைத்து முடித்தேன். அய்யர் இலையை எடுக்கச் சொல்லும் நேரம். அண்ணி முன்னால் வந்தார்.

"தம்பி, உங்க அண்ணனுக்கும் ஒண்ணு வைங்க."

அய்யர் அண்ணியைப் பார்த்துக் கேட்டார்.

"எப்ப தவறுனாரும்மா?"

"தந்தி வந்ததுக்கு முந்தின ராத்திரி."

"திதி தெரியுமா?"

"அவுரு கெளம்புன நேரந்தான் தெரியும். அதுக்கப்பறம் தெரியாது."

"பரவால்ல. நாள் தெரியாதவங்களுக்கு அமாவாசைக் கணக்குல வைக்கலாம். பேர் சொல்லுங்க."

அண்ணி பெயரைச் சொன்னார். இருபது வருஷத்தில் அண்ணி வாயால் அண்ணன் பெயரைக் கேட்டது அன்றுதான். 'அவுரு' என்றே சொல்லிக்கொண்டிருந்தவர். நான் சோற்றை உருட்டினேன். உருண்டை உடைந்தது. மறுபடி உருட்டி வைத்தேன்.

சித்தப்பா எழுந்து வந்தார். வந்து அண்ணி முன்னால் நின்றார்.

"நான் அன்னிக்கி சொன்னது பொய்யிம்மா."

அத்தனை சொந்தக்காரர்களுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். அவருக்கு வேறு மாதிரி பேசத் தெரியாது.

"அந்த ப்ளேன்ல ஓட்டறவனுக்குத்தான் தூக்கி வெளிய போடற சீட்டு. குணாவுக்குக் கெடையாது. அவன் எந்திரிச்சு, பாராசூட்ட மாட்டிக்கிட்டு, கதவுகிட்ட வந்துதான் குதிக்கணும். தாழப் பறக்கறப்ப அதுக்கெல்லாம் நேரமே இருக்காது. லீவுல வந்தப்ப அவனே சொல்லியிருக்கான். தெரிஞ்சேதான் சொன்னேன்."

அண்ணி அவருடைய நல்ல காதுப் பக்கமாக நகர்ந்து நின்றார்.

"தெரியும் மாமா. அவுரு என்னைக் கூட்டிக்கிட்டுப் போயி அந்த ப்ளேன காட்டியிருக்காரு. எனக்குக் கதவுதான்னு சொல்லி சிரிச்சாரு."

சித்தப்பாவுக்குப் புரிய நேரமானது.

"தெரியுமா? அப்பறம் ஏம்மா என்னைக் கேட்ட?"

"யாராச்சும் ஒருத்தர் இல்லன்னு சொல்லட்டும்னுதான் கேட்டேன். நான் சொல்ல முடியுமா மாமா? பொண்டாட்டியே சொல்லிட்டாளேன்னு ஆயிடும். நீங்க சண்டைக்குப் போயி வந்தவரு. நீங்க சொன்னா அத்த ஒத்துக்கிட்டிருப்பாங்க. அன்னிக்கே அழுது முடிச்சிருப்போம்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சித்தப்பா தாங்கியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. அவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். அண்ணியும் அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"வுடுங்க மாமா. இப்ப ஒண்ணு கேக்கறேன். என்னைத் தேத்தறதுக்காகச் சொல்லாதீங்க. அவுருக்கு வலிச்சிருக்குமா?"

சித்தப்பா ஆற்றைப் பார்த்தார். அன்றுதான் அவர் பர்மாவைப் பற்றி விரிவாகப் பேசி நான் கேட்டேன். தன் விமானத்துக்குப் பின்னாலேயே பாய்ந்த இன்னொரு விமானம் மேலே ஏறாமல் போனதை அவர் பார்த்துக்கொண்டிருந்தாராம். அதில் இருந்தவன் காலையில் அவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன். பாராசூட் விரியுமா விரியுமா என்று, காடு கண்ணுக்கு மறைகிறவரை பார்த்துக்கொண்டே வந்தாராம். விரியவில்லை.

"கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ளம்மா. நெருப்பு வந்தது, முடிஞ்சுது. அவனுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. இது நான் பாத்தது. சத்தியமா பாத்தது."

அண்ணி அவர் முகத்தையே கவனித்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை ஆட்டினார். நம்பினாரா, தெரியாது. அதற்கு மேல் கேட்கவில்லை.

அண்ணி சொன்ன திருத்தம்

அந்த வருஷமே அண்ணி மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு சிதம்பரத்துக்குப் போய்விட்டார். தனியாகத்தான் வீடு எடுத்தார். பூ வைப்பதை நிறுத்தினார். பொட்டை எடுக்கவில்லை. கேட்டவர்களிடம், "இது சின்ன வயசுலேருந்து வச்சிக்கறது" என்று சொன்னார். சித்தப்பா அதற்குப் பிறகு சில வருஷங்கள் இருந்தார். அண்ணி எப்போதாவது கீரப்பாளையம் போய்ப் பார்த்துவிட்டு வருவார். இருவரும் விமானத்தைப் பற்றி மறுபடி பேசியதாக எனக்குத் தெரியவில்லை. நெல் விலை பற்றிப் பேசியிருப்பார்கள்.

இப்போது அண்ணிக்கும் எனக்கும் முழங்கால் வலி. போன வாரம் சிதம்பரம் போய், இதை எழுதப்போகிறேன், எழுதலாமா என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எழுதுங்க. ஆனா ஆத்தங்கரையில நான் அழுதேன்னு எழுதிடாதீங்க. எல்லாரும் அதத்தான் எதிர்பாப்பாங்க. நான் அழல. வூட்டுக்கு வந்து தூங்கினேன்."

உண்மைதான். அன்று கரையிலிருந்து வந்ததும் மறுபடி தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத் தலையைத் துவட்டாமல், கூடத்து மூலையில் வெறும் தரையில் அண்ணி படுத்துவிட்டார். படுத்த உடனே தூங்கிப்போனார். சொந்தக்காரர்களுக்கு இலை போட்டோம். சாம்பார் வாளி தரையில் உரசியது, குழந்தைகள் ஓடின, யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கத்தினார்கள். அண்ணி அசையவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. அப்படித் தூங்கி நான் அவரைப் பார்த்ததே இல்லை.

சித்தப்பா சாப்பிடவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து அண்ணியின் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் வந்தவர்களைக் கையாலேயே விலக்கினார்.

பொழுது சாய்ந்ததும் பெரியம்மா, அம்மாவின் அக்கா, விளக்கோடு வந்தாள்.

"வௌக்கு வைக்கிற நேரம். பொம்பள தூங்கக்கூடாது. எழுப்பு அவள."

"எழுப்பாதீங்க," என்றார் சித்தப்பா. "எத்தன வருஷமா முழிச்சிக்கிட்டிருக்கான்னு உங்களுக்குத் தெரியாது."

பெரியம்மா நின்று பார்த்தாள். பிறகு விளக்கைத் தானே மாடத்தில் வைத்து ஏற்றினாள். வெளிச்சம் அண்ணியின் முகத்தில் விழுந்தது. திரியைக் கொஞ்சம் உள்ளே இழுத்துச் சின்னதாக்கிவிட்டு, சத்தமில்லாமல் போனாள்.